மகுடேசுவர மன்னர் மென்பொருள் வாங்கிய கதை

கொன்றையம்பதி நாட்டுக்கு மின்சாரம் வந்தது, கணினி வந்தது. மன்னர் மட்டும் போகவில்லை. மகுடேசுவர மன்னர் காலையில் மின்னஞ்சல் பார்ப்பார், மாலையில் யானைமேல் ஊர்வலம் போவார். இரண்டிலும் அவருக்கு ஒரே அளவு ஆசை.

திடீரென்று அவருக்கு ஒரு நடன மண்டபம் அமைக்கும் ஆசையும் வந்தது. அரண்மனையில் அதற்கேற்ற பெரிய கூடம் ஒன்றுதான். அதிலோ ஊராருடைய நிலப் பத்திரங்கள், குளத்துப் பாத்தியதைகள், வழக்குக் காகிதங்கள் என்று கூரை முட்டக் கிடந்தன. கரையான்களுக்கு அது அன்னசத்திரம். மன்னர் ஆணையிட்டார்: எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற வேண்டும், ஏற்றியதும் காகிதங்களைக் கொளுத்திவிட வேண்டும். காகிதத்தில் இருப்பதைப் படித்துக் கணினியில் எழுதும் மென்பொருளைத் தேடும் பொறுப்பு இரண்டு பேருக்கு. ஒருவர் அமைச்சர் நல்லபெருமாள். இன்னொருத்தி பூங்காவனம், அவையிலேயே வாய்த்துடுக்கு மிகுந்தவள்.

அமைச்சர் தேடவே இல்லை. அவருடைய மைத்துனன் சாரங்கனே ஒரு மென்பொருள் விற்றுக்கொண்டிருந்தான். பூங்காவனம் நாலு இடம் விசாரித்து வேறொன்றை வரவழைத்தாள். மன்னர் முன்னிலையில், மூடி போட்ட படமெடுக்கும் கருவியில் ஒரே காகிதத்தை வைத்து இரண்டுக்கும் காட்டினார்கள். நெசவாளர் தெருக் குளத்தின் பழைய பத்திரம் அது. குளம் யாருக்குச் சொந்தம் என்ற இடத்தைத்தான் கரையான் தின்றிருந்தது.

பூங்காவனத்தின் மென்பொருள் அந்த ஓட்டைக்கு நேரே, 'படிக்க முடியவில்லை' என்று போட்டது. சாரங்கனுடையது மூச்சுவிடாமல் படித்தது. ஓட்டை இருந்த இடத்தில், 'குளம் அரண்மனைக்கே உரியது' என்று எழுதிக் காட்டியது.

மன்னருக்கு வாயெல்லாம் பல். காகிதத்தையும் கொளுத்திவிட்டால் நெசவாளர்கள் எதைக் காட்டிக் குளத்தைக் கேட்பார்கள்? பூங்காவனம் அதைச் சொல்லிப் பார்த்தாள். மன்னர் காதில் ஏறவில்லை.

"ஒன்று திக்குகிறது, இன்னொன்று சரளமாகப் படிக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றார்.

இன்னும் ஒரே ஒரு சோதனைக்கு அனுமதி கேட்டாள் பூங்காவனம். மறுநாள் மதியம் வரை மன்னர் தவணை கொடுத்தார். அதிலும் அவள் தோற்றால், காகிதங்களுக்கு அவளே கொள்ளி வைக்க வேண்டும் என்று அமைச்சர் ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிட்டார்.

மறுநாள் வெள்ளித்தட்டில் பட்டு மூடி எதையோ ஏந்தி வந்தாள். வட்டமானது, தீயின் சூடு கண்டது, தொட்டால் நொறுங்கிவிடும், ஆகவே தானே கருவியில் வைப்பதாகச் சொன்னாள். அவ்வளவும் உண்மைதான். பட்டோடு உள்ளே விட்டு, பட்டை மட்டும் உருவிக்கொண்டு மூடியைச் சாத்தினாள்.

சாரங்கனின் மென்பொருள் கணீரென்று தொடங்கியது: 'நமது பாட்டனார் காலம் தொட்டு வடக்கு மாந்தோப்பு முழுவதும் மன்னர் வம்சத்துக்கே பாத்தியம்.' பாட்டனார் என்றதும் மன்னர் எழுந்து கும்பிட்டார். எழுத்துக்கு எழுத்து சரியென்று சாரங்கன் சத்தியம் செய்தான். அமைச்சர் ஒருபடி மேலே போனார். பெரிய மன்னரின் வாசகநடை தனக்கு நன்றாகத் தெரியும், இது அதுவேதான் என்றார்.

பூங்காவனத்தின் மென்பொருள், 'எழுத்து எதுவும் இல்லை' என்றது. அவையே சிரித்தது.

பூங்காவனம் மூடியைத் திறந்தாள். உள்ளே இருந்ததை எடுத்து, ஒரு விள்ளல் ஒடித்து வாயில் போட்டு மென்றாள்.

மன்னர் பதறிப்போனார். "பாட்டனார் பத்திரத்தையா தின்கிறாய்?"

"உப்புக் கொஞ்சம் தூக்கல், மன்னா. இப்போதுதான் பொரித்தார்கள்" என்று மீதி அப்பளத்தை அவரிடம் நீட்டினாள். "எழுத்தே இல்லாத அப்பளத்தில் மாந்தோப்பு முளைக்கிறது. கரையான் ஓட்டையில் குளம் வெட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

மன்னர் அப்பளத்தைக் கடித்தார். அவை முழுக்கக் கேட்டது அந்தச் சத்தம். நெசவாளர் தெருவையும் நினைத்துப் பார்த்தார் போலும், முகம் மாறியது.

சாரங்கன் தன் மென்பொருளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான். பூங்காவனத்தின் மென்பொருளே வாங்கப்பட்டது. காகிதங்களைக் கொளுத்தக் கூடாது, ஓட்டை விழுந்த இடங்களை அந்தந்த ஊராரிடமே கேட்டு நிரப்ப வேண்டும் என்று மன்னர் உத்தரவை மாற்றினார். நடன மண்டபத்துக்கு அமைச்சரின் விருந்தினர் மாளிகை போதும் என்று முடிவாயிற்று.

சந்தோஷம் தாங்காத மன்னர், இளமையில் தாம் எழுதிய காதல் கவிதைகளைக் கட்டோடு கொண்டுவரச் சொன்னார். முதல் தாளைத் தம் கையாலேயே கருவியில் வைத்தார்.

'படிக்க முடியவில்லை' என்று வந்தது.

அடுத்த தாள். அதற்கும் அதே பதில்.

மன்னருக்குச் சுருக்கென்றது. "பூங்காவனம், என் கையெழுத்து அவ்வளவு மோசமா?"

அவள் இரண்டு தாள்களையும் கையில் வாங்கி நிதானமாகப் பார்த்தாள்.

"கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, மன்னா."

மன்னருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் அரியணையின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்துத் தம் முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, கவிதைக் கட்டைக் கரையானுக்கே அனுப்பிவைத்தார்.