நல்லொழுக்கப் பரிசு

“எனக்கு ஒரு பரிகாரம் சொல்லுங்க டீச்சர்,” என்றார் மாசிலாமணி.

ஞானம் தேடிப் போகிறவர்கள் மலை ஏறுவார்கள் என்று கேள்வி. மாசிலாமணி மொபெட்டில் பதினாலு கிலோமீட்டர் வந்திருந்தார். சீடருக்கு வயது ஐம்பத்தாறு, குருவுக்கு இருபத்தெட்டு. குருவின் பெயர் ஜெசிந்தா. காது கேளாத, கண் தெரியாத, நடக்க முடியாத பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியை. ஒன்றிய அலுவலகத்துக்குப் பின்னால் மழைக்கு ஒழுகுகிற ஓர் அறைதான் அவருடைய மடம்.

ஒரு குழந்தையின் காலணிக்கு வார் தைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“எதுக்குப் பரிகாரம்?”

“கனிஷ்காவுக்கு நான் செஞ்ச பாவத்துக்கு.”

செய்த பாவம் இதுதான்.

மாசிலாமணி முப்பது வருஷ வாத்தியார். அவர் வகுப்பில் பாடம் என்றால் கோரஸ். அவர் ஒரு வரி சொல்வார். முப்பது பிள்ளைகள் கூரை அதிரத் திருப்பிச் சொல்வார்கள். தெருக்கோடி வரைக்கும் கேட்டால்தான் அது பள்ளிக்கூடம் என்பது ஊரின் எண்ணம். அவருடைய எண்ணமும் அதுவே.

கனிஷ்கா முதல் வரிசை. ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை அவரிடமேதான். மற்றவர்கள் வாய் அசையும்போது அவள் வாயும் அசையும். மற்றவர்கள் நோட்டைத் திறந்தால் அவளும் திறப்பாள். போர்டில் உள்ளதைப் பார்த்து முத்து முத்தாக எழுதுவாள். தனியாக எழுப்பிக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். கூச்சம் என்று உட்காரச் சொல்லிவிடுவார்.

கத்தமாட்டாள், சண்டை போடமாட்டாள். “தங்கமான பிள்ளை” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். குடியரசு தினத்தன்று நல்லொழுக்கப் பரிசாக எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்றும் கொடுத்தார்.

பள்ளிக்கு டேப்லெட் வந்தது. “யானை எது?” என்று அது கேட்கும். பிள்ளை படத்தைத் தொட வேண்டும். கனிஷ்காவின் முறை வந்தால் சுற்றி நிற்கிற அத்தனை பிள்ளைகளும் விரல் நீட்டிக் காட்டுவார்கள். அவள் தொடுவாள். பச்சை நட்சத்திரம் வரும். மூன்று வருஷமும் அவளுக்குப் பச்சை நட்சத்திரம்தான்.

போன மாதம் ஜெசிந்தா வேறொரு பிள்ளையைப் பார்க்க அந்தப் பள்ளிக்கு வந்தார். சத்துணவு வரிசைக்குப் பின்னால் நின்றிருந்தவர் கையிலிருந்து ஒரு தட்டு விழுந்தது. வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஒருத்தி மட்டும் முன்னால் பார்த்தபடி சோற்றுக்குக் காத்து நின்றாள்.

தட்டு தானாக விழுந்ததா என்று மாசிலாமணி இன்றுவரை கேட்கவில்லை.

பிறந்ததிலிருந்தே கனிஷ்காவுக்குக் காது கேட்காது என்று மருத்துவ முகாமில் டாக்டர் சொன்னார். எட்டு வயதாகிறது, ஒரு சொல் தெரியாது. பெற்றவளுக்கு அம்மா என்று பெயர் என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

“காதுக்கு மெஷின் குடுத்தாச்சே டீச்சர். இனிமே பேச்சு வந்துராதா?”

“கஷ்டம் சார். ரெண்டு வயசுக்குள்ள வந்திருந்தா கதையே வேற.”

“இப்போ என்னதான் வழி?”

“கையால பேசக் கத்துக்கணும். வருஷக்கணக்கா ஆகும். அவகூட நீங்களும் கத்துக்கணும்.”

மாசிலாமணி பையைத் திறந்து புத்தம் புது டேப்லெட் ஒன்றை எடுத்து வைத்தார்.

“அவளுக்குன்னே வாங்கினேன். நூறு பாடம் இருக்கு. ஒரு முயல் வந்து அழகா பேசும்.”

“பேசுமா?” என்றார் ஜெசிந்தா.

மாசிலாமணி அதை எடுத்து மறுபடி பைக்குள் வைத்தார்.

“ராஜினாமா எழுதி வெச்சிருக்கேன்,” என்றார்.

ஜெசிந்தா காலணியைக் கீழே வைத்தார். மாசிலாமணியின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசத் தொடங்கினார். உதடுகள் அசைந்தன. புருவம் உயர்ந்தது. ஏதோ கேட்பதுபோல ஓரிடத்தில் நிறுத்தினார். குரல் மட்டும் இல்லை.

மாசிலாமணி முன்னால் சாய்ந்து கவனித்தார். பிறகு தலையாட்டினார். ஜெசிந்தா மேலும் பேசினார். இவர் மறுபடியும் தலையாட்டினார்.

“என்ன சொன்னேன் சார்?” இப்போதுதான் குரல் வந்தது.

“தெரியலை.”

“அப்புறம் ஏன் தலையாட்டினீங்க?”

“என்னமோ ஆட்டிட்டேன். புரியலைன்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் மனதில் உறைத்தது. துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மூன்று வருஷம் அந்தப் பிள்ளை ஆட்டிய தலை அத்தனையும் அவர் கண் முன்னால் வந்தது.

ஜெசிந்தா காலணியை எடுத்து இன்னும் இரண்டு தையல் போட்டார்.

“அவ வீட்டுல வேற யாரெல்லாம் இருக்காங்க?”

“தெரியலை.”

“அப்பாவும் அம்மாவும் சொந்தமா?”

“தெரியலை டீச்சர்.”

“மூணு வருஷமா உங்க வகுப்புல இருக்கா.”

“ஆமா.”

“போய்ப் பாத்துட்டு வாங்க.”

“அப்போ பரிகாரம்?”

ஜெசிந்தா ஊசியில் நூல் கோக்கத் தொடங்கிவிட்டார்.

கனிஷ்காவின் வீடு செங்கல் சூளைக்குப் பின்னால் இருந்தது. மாசிலாமணியைப் பார்த்ததும் அவள் எழுந்து கைகட்டி நின்றாள். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து வணக்கம் சொல்லும்போது அசைக்கிற மாதிரியே உதட்டை அசைத்தாள். காது மெஷின் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது.

“போட்டா பயந்து அழுறா சார்,” என்றாள் அவள் அம்மா இந்திராணி. “காய்ச்சல்ல காது அடைச்சிருக்கு, தெறந்துரும்னு அவங்க அப்பா சொல்லுதாங்க. பேச்சும் மெதுவா வரும் சார். அவங்களே ஆறு வயசுலதான் பேசினாங்களாம். எங்க அம்மா சொல்லும்.”

“உங்க அம்மாவுக்கு எப்படித் தெரியும்?”

“தாய்மாமனைத்தான சார் கட்டியிருக்கேன்.”

பாயில் ஒரு கைக்குழந்தை அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தது.

“இவ இளையவ. ரித்திகா. பதினோரு மாசம் ஆகுது.”

சாமி படத்துக்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸ் இருந்தது. கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை.

“சார் கையால குடுத்ததாச்சே. சோறு வைக்க மனசு வரலை,” என்றாள்.

மாசிலாமணி அதைக் கையில் எடுத்தார். குழந்தைக்குப் பின்னால் போய் நின்றார். கடவுளே, திரும்பிவிடு என்று மனதுக்குள் சொன்னார். கையை விட்டார்.

டப்பா சிமெண்டுத் தரையில் விழுந்து மூடி தெறித்தது. வாசலில் மேய்ந்த கோழி பறந்து ஓடியது. இந்திராணி நெஞ்சில் கை வைத்தாள். அம்மா பதறுவதைப் பார்த்துக் கனிஷ்காவும் பதறினாள்.

குழந்தை வெங்காயத்தை உருட்டிக்கொண்டே இருந்தது.

இந்திராணிக்குப் பதற்றம் தணிந்து சிரிப்பு வந்தது. இளைய மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“சத்தத்துக்கெல்லாம் அசையமாட்டா சார். அப்படியே அவ அக்காதான். தங்கம்.”

மாசிலாமணி சொல்ல வாயெடுத்தார். உதடு அசைந்தது, குரல் வரவில்லை.

“சரிங்க சார்,” என்று இந்திராணி தலையாட்டினாள்.