ஏரிக்கு அடியில் இன்னொரு மதகு

கேளுங்கள் அன்பர்களே. மலைகளுக்கு மனிதர் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலத்தில் ஒரு பேரேரி இருந்தது. இக்கரையில் நின்றால் அக்கரை தெரியாது. விடியலில் அதைப் பார்த்தவர்கள் தம்மையறியாமல் கைகூப்புவார்கள்.

அந்த ஏரிக்கு ஒரே மதகு. அதன் வாய் தண்ணீருக்கு அடியில், தரையோடு இருந்தது. ஒருவன் மூச்சடக்கி மூழ்கி, வாயை அடைத்த கல்லைப் புரட்டினால்தான் வயலுக்குத் தண்ணீர் பாயும். அந்த வேலை காரியுடையது. அவன் தகப்பன் அந்த ஆழத்திலேயே உயிர் விட்டவன். ஆனாலும் மூழ்கும்போதெல்லாம் காரிக்குக் கருவறைக்குள் நுழைவதுபோல் மெய்சிலிர்க்கும்.

இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்தது. ஏரி பாதியானது. கடைமடை வயல்கள் கருகின.

"மழை வரும்வரை இருப்பதைப் பங்கிட்டுக்கொள்வோம்" என்றான் காரி. அது உண்மை. ஆனால் அந்த உண்மையில் திட்டுவதற்கு யாருமில்லை.

அப்போது ஆதன் என்பவன் கரைமேல் ஏறினான். கணீரென்ற குரல் அவனுக்கு.

"என் மக்களே! மதகுக்குப் பக்கத்திலேயே, கரைக்கு அடியில், இன்னொரு மதகு இருக்கிறது. அரசன் சோலைக்கு உங்கள் தண்ணீர் களவு போகிறது. காரிக்குத் தெரியும்!"

தங்கள் குறையை யாரும் கேட்பதில்லை என்றிருந்தவர்கள் அதைக் கேட்டு அழுதேவிட்டார்கள்.

காரி அவர்களைச் சோலைக்கு அழைத்துப் போனான். சோலை காய்ந்து கிடந்தது. "நாம் வருவது தெரிந்து காயவிட்டிருக்கிறார்கள்!" என்றான் ஆதன்.

காரி ஏரிக்கும் சோலைக்கும் நடுவே ஆளுயரம் தோண்டினான். வெறும் மண். "எத்தனை ஆழத்தில் புதைத்திருக்கிறார்கள், பாருங்கள்!" என்றான் ஆதன்.

மூன்றாவதாகக் காரி சொன்னான்: "ஆதா, என் கையைப் பிடித்துக்கொண்டு மூழ்கு. நீயே தடவிப் பார்."

"போ, எங்கள் சிங்கமே!" என்று கூட்டம் கூவியது. "அவன் உன்னை அமுக்கினால் அவனை நாங்கள் அமுக்குகிறோம்!"

ஆதனின் முகம் வெளுத்தது. ஆனாலும் இறங்கினான்.

அடியில் பச்சை இருட்டு. காதை அழுத்தும் அமைதி. யானை யானையாகக் கற்கள். ஒவ்வொன்றின் மேலும் காரி அவன் கையை வைத்தான். ஒரே வாய்தான் இருந்தது. ஆதன் தானே மறுபடியும் சுற்றிலும் தடவிப் பார்த்தான். இவனுக்கு விளங்கிவிட்டது என்று காரி மகிழ்ந்தான்.

மேலே வந்தார்கள். கரை நெடுக மூச்சைப் பிடித்த முகங்கள். ஆதன் அந்த முகங்களைப் பார்த்தான்.

"இருக்கிறது!" என்றான். "என் கையால் தொட்டேன்!"

எழுந்த ஆரவாரத்தில், "அடப்பாவி" என்ற காரியின் குரல் அவனுக்கே கேட்கவில்லை. அந்த மதகைத் தேடி மண்வெட்டிகள் கரையில் இறங்கின. காரி குறுக்கே படுத்தான். தூக்கி எறிந்தார்கள்.

கரை உடைந்தது. ஏரி எழுந்து நடந்தது. வயலை, வைக்கோற்போரை, வீடுகளை வாரிக்கொண்டு கடலுக்குப் போயிற்று.

மறுநாள், எந்த மனிதரும் முழுதாகப் பார்த்திராத ஏரியின் அடி வெயிலில் கிடந்தது. மேட்டில் ஒதுங்கிப் பிழைத்தவர்கள் வந்து பார்த்தார்கள். அத்தனை பெரிய தரையில் ஒரே ஒரு வாய்.

பூதி என்ற கடைமடைக்காரி கத்தினாள்: "அதற்குள் அடைத்துவிட்டார்களே, திருட்டுப் பயல்கள்!"

"ஆமாம், ஆமாம்" என்றது கூட்டம். ஆதனைத் தோளில் தூக்கிக்கொண்டது. அத்தனை உயரத்திலிருந்து அவன் எல்லோரையும் பார்த்தான், காரியைத் தவிர.

சான்று காட்டாமல் எதிரியை மட்டும் காட்டுகிறவனுக்குத் தன் கோபத்தைக் கொடுக்கும் கூட்டம், கண்ணால் கண்டதையும் நம்பாமல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும்.