கரடி மறைத்த கயிற்று வித்தை

ஒரு காட்டில், ஆற்றங்கரையை ஒட்டி, ஒரு கயிற்றுக்கூடம் இருந்தது. காட்டில் கயிறு எதற்கு என்று கேட்கிறீர்களா? பாலம் கட்ட, பரண் கட்ட, ஊஞ்சல் போட, எதற்குத்தான் கயிறு வேண்டாம்? கதையைக் கேளுங்கள்.

கூடத்தில் நான்கு பேருக்கு வேலை. யானை, ஊறிய தேங்காய் மட்டையை மிதித்து நாராக்கும். முள்ளம்பன்றி தன் முட்களால் நாரைச் சீவும். குரங்கு அதைப் புரியாகத் திரிக்கும். கடைசியில் கரடி மூன்று புரிகளைச் சேர்த்து முறுக்கிக் கயிறாக்கும்.

நரிதான் மேஸ்திரி. அது ஒவ்வொருவரைச் சுற்றியும் சாம்பலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தது. "அவரவர் கோட்டுக்குள் அவரவர் வேலை. தாண்டுகிறவர்கள் வீட்டுக்குப் போகலாம்" என்று தினமும் காலையில் ஒருமுறை சொல்லிவிடும். சொல்லாவிட்டால் அதற்குப் பொழுது விடியாது.

கரடிக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்திருந்தது. முறுக்கும்போது அது எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரும். கை எப்படிப் போகிறது என்று ஈ கூடப் பார்த்ததில்லை.

ஒருநாள் முள்ளம்பன்றி, "கரடி அண்ணா, அந்த முறுக்கை எனக்கும் சொல்லித் தாருங்களேன்" என்று கேட்டது.

"கற்றுக்கொண்டு என் இடத்துக்கு வரப் பார்க்கிறாயா? போய் நாரைச் சீவு" என்றது கரடி.

"உங்களுக்கு ஒருநாள் முடியாமல் போனால்?"

"எனக்கா? நான் என்ன வாழைத்தண்டா?"

முள்ளம்பன்றிக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அது விடவில்லை. மதியம் எல்லோரும் கால் நீட்டும் நேரத்தில் குரங்கிடம் போய்ப் புரி திரிக்கக் கற்றது. உதிர்ந்த தன் முட்களை ஒரு பலகையில் செருகி, யானைக்கும் குரங்குக்கும் நார் சீவச் சொல்லிக் கொடுத்தது. யானை முதல் நாள் பாதி நாரைப் பிய்த்துத் தள்ளியது. பத்து நாளில் தும்பிக்கையால் பக்குவமாகச் சீவியது.

"வந்த வேலையைப் பாருங்களப்பா. ஊர் வேலையெல்லாம் உங்களுக்கு எதற்கு?" என்று நரி முணுமுணுத்தது. ஓய்வு நேரத்தில் நடப்பதை அது எப்படித் தடுக்கும்?

மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலை, கரடியின் மகள் மின்னியும் குரங்கின் இரண்டு குட்டிகளும் நாவல்பழம் தின்ன ஆற்றின் நடுத்திட்டுக்குப் போயின. போகும்போது முழங்கால் தண்ணீர்தான். திடீரென்று மேற்கே பெய்த மழையில் வெள்ளம் வந்துவிட்டது. யானை இறங்கிப் பார்த்தது. நாலு அடியில் கால் வழுக்க, திரும்பி ஏறிவிட்டது.

கயிறு கட்டினால் குட்டிகள் தொங்கிக்கொண்டே வந்துவிடும். ஆனால் முறுக்கி வைத்த கயிறெல்லாம் முந்தின நாளே மலை கிராமத்துக்குப் போயிருந்தது. மிச்சம் இருந்தது மிதித்த நார்க்குவியல் மட்டும்.

கரடி எங்கே? இரண்டு கையும் பலாக்காய் போல வீங்க, முனகிக்கொண்டு வந்தது. தேனுக்குப் போய்த் தேனீயிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தது. விரலை மடக்கக்கூட முடியவில்லை.

"முடிந்தது. முறுக்க ஆள் இல்லை" என்று நரி தலையில் கை வைத்தது.

"நாங்கள் இல்லையா?" என்றது முள்ளம்பன்றி. "யானை அண்ணா, நீங்கள் சீவுங்கள். குரங்கே, நீ திரி. முறுக்கை நான் பார்க்கிறேன்."

எல்லோரும் கோட்டைத் தாண்டினார்கள். நார் புரியானது. முள்ளம்பன்றி மூன்று புரிகளைச் சேர்த்து முறுக்கியது. கையை விட்டதும் பொலபொலவென்று பிரிந்துவிட்டது. மறுபடி முறுக்கியது. மறுபடி பிரிந்தது.

"இன்னொரு தடவை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தது.

கரடி பார்த்துக்கொண்டே நின்றது. காரணம் அதற்குத் தெரியும். சொல்லிவிட்டால் நாளைக்குத் தனக்கு இங்கே என்ன மதிப்பு என்று ஒரு கணம் யோசித்தது. திட்டில் மின்னியின் இடுப்புக்குத் தண்ணீர் ஏறியிருந்தது.

"தங்கச்சி, நிறுத்து" என்றது கரடி. "புரி வலப்பக்கம் திரித்தது. கயிற்றை இடப்பக்கம் முறுக்கு. ஒன்று அவிழப் பார்த்தால் மற்றது இறுக்கும். இவ்வளவுதான் வித்தை."

முள்ளம்பன்றி இடப்பக்கம் முறுக்கியது. கயிறு நின்றது. நரி ஓடிவந்து தானாகவே ஒரு முனையை இழுத்துப் பிடித்தது.

கரையில் நின்ற கொக்கு ஒன்று, கயிற்றின் முனையில் கட்டிய மெல்லிய நூலை அலகில் கவ்வித் திட்டுக்குக் கொண்டுபோனது. மின்னி நூலை இழுத்து, அதோடு வந்த கயிற்றை நாவல்மரத்தில் கட்டியது. இக்கரையில் யானை பிடித்துக்கொண்டது. குரங்குக்குட்டிகள் முதலில் வந்தன. மின்னி கடைசியாக வந்து அப்பாவின் மடியில் விழுந்தது.

"அப்பா, நீங்கள் முறுக்கிய கயிறுதானே? எவ்வளவு கெட்டி" என்றது.

"இல்லை கண்ணு, இவர்கள் முறுக்கியது" என்றது கரடி. "நான் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தால், நீ இவ்வளவு நேரம் தண்ணீரில் நின்றிருக்க வேண்டாம்."

நீதி: ஒருவர் வேலையை மற்றவரும் கற்று வைத்திருந்தால், ஆபத்து வரும்போது வேலை நிற்காது.