கணவாய்க் கிணறு

களைப்பாக இருந்தாலும் கேளுங்கள், சின்னக் கதைதான். கடற்கரையிலிருந்து உப்பு வண்டிகள் மலை ஏறிய காலத்தில், ஒரு கணவாயை அடுத்தடுத்து மூன்று அரசர்கள் ஆண்டார்கள்.

கணவாயின் உச்சியில் ஒரு கிணறு. கடக்கும் வண்டி ஒவ்வொன்றும் அங்கே ஒரு படி உப்பைச் சுங்கமாக வைக்க வேண்டும். முதல் அரசன் அந்த உப்பைக் கிணற்றுக்காரர்களுக்குக் கூலியாகக் கொடுத்தான். அவர்கள் கோடைதோறும் தூர் வாரினார்கள். மாடுகள் குடித்தன. வண்டிகள் பெருகின. அடிவாரத்தில் சந்தை கூடியது. வணிகர்கள் மட்டும் முணுமுணுத்தார்கள்.

இரண்டாம் அரசன் நல்ல பெயருக்கு ஆசைப்பட்டுச் சுங்கத்தை நீக்கினான். வணிகர்கள் வாழ்த்தினார்கள், நன்னாகன் என்பவன் எல்லோரையும்விட உரக்க வாழ்த்தினான். கூலி இல்லாத கிணற்றுக்காரர்கள் வேறு ஊர் போனார்கள். கிணற்றில் மண் சரிந்தது. சந்தை இளைத்தது.

மூன்றாம் அரசன் மூன்று படி கேட்டான். அதை விற்று, மண் மூடிய கிணற்றருகே ஒரு கோபுரம் கட்டினான். வணிகர்கள் மலையைச் சுற்றும் ஆற்றங்கரைப் பாதைக்கு மாறினார்கள்.

நன்னாகனால் மாற முடியவில்லை. அவனுடைய இரண்டு மாடுகளும் கிழடு. அவற்றால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. வேறு மாடு வாங்க வழியில்லை. ஒரு கோடையில் தனியாக ஏறினான். கோபுரத்தடியில் ஒரு மாடு கால் மடிந்து விழுந்தது. கோபுரத்தைப் பார்க்க வந்த அரசனும் அங்கே இருந்தான்.

“மூன்று படி வை” என்றான் காவலன்.

“மூட்டையோடு எடுத்துக்கொள்ளப்பா. கொஞ்சம் தண்ணீர் காட்டு.”

“தண்ணீர் என் வேலையில்லை.”

அரசன் சிரித்தான். “இவ்வளவு பெரிய கோபுரம் உன் கண்ணில் படவில்லையா?”

“படுகிறது அரசே. மாடு அதைக் குடிக்காதே.”

காவலன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். அரசன் குனிந்து பார்த்தான். மாடு செத்திருந்தது.

“உனக்கு இனிச் சுங்கம் கிடையாது. போ” என்றான், தாழ்ந்த குரலில்.

நன்னாகன் நுகத்தை அவிழ்த்துவிட்டு, ஒரு படி உப்பை அளந்து கிணற்று மேட்டில் வைத்தான். “அந்தச் சலுகை வேண்டாம் அரசே. இதை வாங்கிக்கொள்ளுங்கள். தூர் வாருபவர்களுக்குக் கொடுங்கள்.”

அரசன் அப்படியே செய்தான். அடுத்த மழையில் தண்ணீர் ஊறியது. ஆனால் அதற்குள் ஆற்றங்கரையில் வேறொரு சந்தை வளர்ந்திருந்தது. எப்போதாவது ஒரு வண்டி மேலே வந்தது. அது நன்னாகனுடையது அல்ல.

கொடுக்க மனமில்லாத குடிகளும், வாங்கியதைக் குடிகளுக்குத் திருப்பாத அரசும் ஒரே கிணற்றைத்தான் தூர்க்கிறார்கள்.