நாளைக்கு உள்ள நாலு உருண்டை

நெல்லிக்கோட்டை ராஜா கொண்டல்ராயருக்குத் திடீர்னு ஒரு ஆசை. பட்டத்துத் திருநாளுக்குப் பக்கத்து நாட்டு ராஜா வர்றாரு. அவர் வரும்போது கடைவீதி ஜேஜேன்னு இருக்கணும். சனங்க புதுத்துணி கட்டி, பூ வச்சு, பலகாரம் தின்னுக்கிட்டே நடக்கணும்.

"கையில காசு இருந்தாத்தானே வாங்குவாங்க? தண்டோரா போடு!"

டம் டம் டம்!

"இந்த வருஷ வரி இப்பக் கட்ட வேண்டாமுங்கோ! அடுத்த வருஷம் ரெண்டு வருஷ வரியும் சேத்துக் கட்டுங்கோ!"

ராஜா மேல்மாடத்துல போய் உக்காந்துக்கிட்டாரு. ஒரு நாள் ஆச்சு. நாலு நாள் ஆச்சு. கடைவீதியில ஒரு நாய் படுத்திருந்துச்சு. ஜவுளிக்கடைக்காரர் பட்டுக்கட்டைத் தலைக்கு வச்சுத் தூங்கினாரு. அவ்வளவுதான் கூட்டம்.

ராஜாவுக்கு மூக்கு நுனி செவந்துபோச்சு. மந்திரி கும்பலிங்கம் பக்கத்துல வந்து குனிஞ்சாரு. அவர் குனிஞ்சாலே யார் வீட்டுக்கோ கேடுன்னு சபைக்குத் தெரியும்.

"மகாராஜா, காசை எல்லாரும் பதுக்கிட்டாங்க. வீடு வீடாத் தேடிப் பிடுங்கி கஜானாவுல போட்டுடுவோம்."

"போடு! நாளை மறுநாள் காலையிலயே போடு! நாளைக்குன்னு எவன் எதை ஒளிச்சு வச்சிருந்தாலும் எடுத்துச் சபையில வை!"

சபையில விகடம் பேசுற அரியநாயகம் மெல்ல எந்திரிச்சாரு. "எந்த வீடா இருந்தாலுமா, மகாராஜா?"

"எந்த வீடா இருந்தாலும்!"

அரியநாயகம் வீட்டுக்கு வந்து நேரா அடுப்படிக்குப் போனாரு. புளிப்பானைக்கு முன்னாடி அவர் சம்சாரம் செங்கமலம் நின்னுச்சு. நின்ன தோரணையிலயே வரிக்காசு அதுக்குள்ளதான் இருக்குன்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு.

"கமலம், வரிதான் கட்டலையே. எனக்கு ஒரு வேட்டி எடுத்தா என்ன?"

"இருக்கிறதைத் துவைச்சுக் கட்டுங்க. இது நம்ம காசா? அடுத்த வருஷம் உங்க ராஜா வாங்கப்போற காசு. இங்க சும்மா தங்கியிருக்கு."

"நாளை மறுநாள் சேவகன் வந்து இதை எடுத்துட்டுப் போகப்போறான்டி."

செங்கமலம் முகம் சட்டுனு வாடிப்போச்சு. "எடுத்துட்டுப் போய்ட்டா? அடுத்த வருஷம் ரெண்டு வரிக்கு எங்க போறது? பசுவை வித்துடலாம். எதிர் வீட்டு வள்ளி எதை விப்பா? அவகிட்ட மாடு கூட இல்லையே."

அரியநாயகத்துக்குச் சிரிப்பு வரல. அப்புறம் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு அரண்மனை மடப்பள்ளிக்கு நடையைக் கட்டினாரு.

கொண்டல்ராயருக்குத் தினம் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் நாலு பொருவிளங்கா உருண்டை வேணும். வெல்லப்பாகு போட்டுப் பிடிச்ச, கல்லு மாதிரி உருண்டை. அதைக் கடிக்கிற சத்தம் கோட்டை வாசல் வரைக்கும் கேக்கும். மறுநாள் தட்டுல எட்டு இருந்துச்சு.

"என்னய்யா சேஷு, எட்டு?"

"நாளைக்கு உள்ளதையும் சேத்து வச்சுட்டேன், மகாராஜா. நாளைக்குக் கிடையாது." அரியநாயகம் சொல்லிக்கொடுத்ததைச் சமையல்காரர் சேஷு அப்படியே ஒப்பிச்சாரு.

ராஜா நாலு தின்னாரு. அஞ்சாவதை எடுத்தாரு. வாய்கிட்ட கொண்டுபோனாரு. நிறுத்தினாரு. இடது பக்கம் பாத்தாரு. வலது பக்கம் பாத்தாரு...

விடிஞ்சுது. கும்பலிங்கம் சேவகர்களை வரிசையா நிக்க வச்சு மீசையைத் தடவினாரு. "முதல்ல எந்தத் தெரு?"

"தெருவா?" அரியநாயகம் கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. "எந்த வீடா இருந்தாலும்னு மகாராஜா உத்தரவு. பெரிய வீட்டுல ஆரம்பிச்சாத்தானே மரியாதை?"

"என் வீட்டுல என்னய்யா இருக்கு? தாராளமாத் தேடு!" ராஜா நெஞ்சை நிமித்தினாரு. நிமித்தினப்புறம்தான் என்னமோ ஞாபகம் வந்துச்சு. நெஞ்சு மெதுவா இறங்கிச்சு.

அதுக்குள்ள சேவகர்கள் பள்ளியறைக்குப் போயாச்சு. கட்டிலுக்கு அடியில ஒண்ணுமில்ல. பெட்டியில ஒண்ணுமில்ல. ஆனா சுவத்துல ஒரு எறும்பு வரிசை. பட்டாளம் மாதிரி போகுது. எங்க போகுது? சுவத்துல மாட்டின, அம்பு வைக்கிற அம்பறாத்தூணிக்குள்ள போகுது. ராஜா கடைசியா அதைத் தோள்ல மாட்டினது கல்யாணத்துக்கு முன்னாடி.

சேவகன் அதைச் சபைக்குக் கொண்டுவந்து கவுத்தான்.

டொக். டொக். டொக்.

சேவகன் இன்னொரு தடவை உதறினான்.

டொக். நாலாவது உருண்டை உருண்டுபோய்க் கும்பலிங்கத்தோட கால்கிட்ட நின்னுச்சு.

அரியநாயகம் உருண்டையைக் காட்டினாரு. "மந்திரியாரே, பதுக்கினவர் மாட்டிக்கிட்டாரு. கஜானாவுல போட்டுடுவோமா?"

மந்திரி காலைப் பின்னால இழுத்துக்கிட்டாரு.

"ஓய் அரியநாயகம்!" ராஜா எந்திரிச்சுட்டாரு. "நாளைக்குக் கிடையாதுன்னு சேஷு சொன்னானேய்யா! அதான் எடுத்து வச்சேன்!"

"எட்டு கையில கிடைச்சா எட்டையும் தின்னு சந்தோஷமா இருக்க வேண்டியதுதானே, மகாராஜா?"

"எப்படிய்யா தின்ன முடியும்? அதுல நாலு உருண்டை நாளைக்கு உள்ளதாச்சே!"

"முந்தாநாள் புளிப்பானைக்கு முன்னாடி நின்னுக்கிட்டு என் சம்சாரமும் இதையேதான் சொல்லிச்சு."

ராஜா உருண்டையைப் பாத்தாரு. எறும்பைப் பாத்தாரு. முதல்ல தொந்தி குலுங்கிச்சு, அப்புறம் கிரீடம் குலுங்கிச்சு, அப்புறம் "ஹோ... ஹோ... ஹோ!" சபையே சிரிச்சுது, கும்பலிங்கத்தைத் தவிர.

"சோதனையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். விட்ட வரி விட்டதுதான். அடுத்த வருஷம் ஒரு வருஷ வரி கட்டினாப் போதும். தண்டோரா போடு!"

டம் டம் டம்! பொழுது சாயறதுக்குள்ள ஜவுளிக்கடைக்காரர் தலைக்கு வச்சிருந்த பட்டுக்கட்டும் வித்துப்போச்சு. நாய்க்குப் படுக்க இடமில்ல.

ராஜா அரியநாயகத்தைக் கூப்பிட்டு நூறு பொன் முடிச்சைக் கையில வச்சாரு. "போம், இப்பவே கடைவீதிக்குப் போய் நல்லாச் செலவு பண்ணும்."

அரியநாயகம் முடிச்சை வாங்கிக்கிட்டாரு. ஆனா நின்ன இடத்தை விட்டு நகரல.

"இன்னும் என்னய்யா?"

"தண்டோராக்காரர் வாசல்லதான் நிக்கிறாரு, மகாராஜா. இதையும் அடுத்த வருஷம் திருப்பிக் கேக்க மாட்டீங்கன்னு என் வீட்டு வாசல்ல ஒரு தடவை அடிச்சுச் சொல்லச் சொல்லுங்க. இல்லைன்னா புளிப்பானையைத் தாண்டி இது கடைவீதிக்குப் போகவே போகாது!"