பன்னிரண்டு திரையிலும் ஒரே கறை

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இந்தக் கதையில் வரும் குருவுக்கு முப்பத்து மூன்று வயது. பெயர் ரெஜினா. மதுரையில் ஒரு சந்துக்குள் எலெக்ட்ரானிக்ஸ் சாமான்கள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள்.

சீடருக்கு அறுபத்தொன்று. பெயர் தனுஷ்கோடி. இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருந்தால் மருமகள் சமையலில் குறை சொல்ல ஆரம்பித்துவிடுவோம் என்று பயந்து, தொழில் கற்றுக்கொள்கிறேன் என்று ரெஜினாவிடம் வந்து சேர்ந்தார். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள். கடைக்குப் புதிதாக வருகிறவர்கள், யாருக்கு யார் குரு என்று கொஞ்ச நேரம் குழம்பத்தான் செய்வார்கள்.

குறை கண்டுபிடிப்பதில் அவர் மன்னன். முப்பத்து நான்கு வருடம் சிவப்பு மையோடு வாழ்ந்த மனிதர். ரெஜினாவுக்கு அவரைப் பிடித்துப்போனதற்கும் அதுதான் காரணம். பழுது பார்க்கும் கடைக்கு இப்படி ஒரு ஆள் லேசில் கிடைக்காது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கொடைக்கானல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பெட்டி வந்தது. உள்ளே பன்னிரண்டு கால்குலேட்டர்கள். கூட்டிக் கழிக்கிற சாதாரண வகை இல்லை. சமன்பாட்டைக் கொடுத்தால் சின்னத் திரையில் கோடு வரைந்து காட்டும் வகை. இரண்டில் மட்டும் திரை சரியில்லை, திங்கட்கிழமை பரீட்சை என்று ஒரு சீட்டும் இருந்தது.

அந்த இரண்டையும் தனுஷ்கோடி கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். ஒன்றில் எழுத்தே தெரியவில்லை. கான்ட்ராஸ்ட் குறைந்து கிடந்தது. இன்னொன்றில் கோடு வரவில்லை. கோடு நூறுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது, திரையோ பத்து வரைக்கும்தான் காட்டும்படி வைக்கப்பட்டிருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். "மிச்சத்தையும் ஒரு பார்வை பாத்துடறேன்" என்று உட்கார்ந்தார்.

பதினொரு மணிக்கு மேசையைத் தட்டினார்.

"டீச்சர், பன்னிரண்டும் அவுட்."

"என்ன சார் சொல்றீங்க?"

"எல்லாத்துலயும் கறுப்பா ஒரு கறை. மேல, இடது மூலையில. பிள்ளைங்க எதையோ வச்சு அழுத்தித் தொலைச்சிருக்குங்க."

"பேட்டரி மாத்திப் பாத்தீங்களா?"

"மாத்தினேன்."

"ரிப்பன் கேபிளைக் கழட்டி மாட்டினீங்களா?"

"அதுவும் ஆச்சு. டிராயர்ல இருந்த புது டிஸ்ப்ளேயைக்கூடப் போட்டுப் பாத்தேன். அதுலயும் அதே கறை. புதுச் சரக்கே மட்டமா இருந்தா நாம என்ன பண்றது? ஒண்ணும் தேறாதுன்னு ஸ்கூலுக்குப் போன் பண்ணிடவா?"

ரெஜினா கையிலிருந்த சால்டரிங் அயர்னை வைத்துவிட்டு வந்தாள். ஒரு கால்குலேட்டரை எடுத்துக் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். பிறகு அதை அவர் முன்னால் நேராக வைத்தாள்.

"கறை எங்க சார் இருக்கு?"

"அதான் சொன்னேனே. மேல இடது மூலை."

ரெஜினா கால்குலேட்டரைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள்.

"இப்ப?"

"மேல இடது..."

தனுஷ்கோடி நிறுத்திக்கொண்டார். திரையில் இருக்கிற கறை திரையோடு சேர்ந்து சுற்றிக் கீழே வந்திருக்க வேண்டும். இது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அவரே அதை எடுத்து மறுபடி திருப்பிப் பார்த்தார். இன்னொரு தடவையும் திருப்பினார்.

"இடது கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க."

"கறை இல்லை."

"இப்ப வலது கண்ணை மூடுங்க."

"இருக்கு. பெருசா இருக்கு." அப்படியே நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "உங்க நெத்தி மேலயும் இருக்கு, டீச்சர்."

"கிளம்புங்க."

"பெட்டியை ஒழுங்கா அடுக்கிட்டு, சாயங்காலமா..."

ரெஜினா ஷட்டரை இழுத்துவிட்டாள்.

ஆட்டோவில் அவருக்குப் பயமாக இருந்தது. முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளைப் பயமுறுத்தியவருக்கு, அது உள்ளே எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கண்ணு போயிடுமா, டீச்சர்?"

"தெரியலை, சார்."

"போயிட்டா நான் கடைக்கு எதுக்கு?"

ரெஜினா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் தனக்கு அப்பா மாதிரி என்றெல்லாம் அவள் நினைத்ததில்லை. ஆனால் சொந்த அப்பாவோடு பேசுவதைவிட இவரோடுதான் அதிகம் பேசுகிறாள், அதிகம் சிரிக்கிறாள். அவளுக்கும் பயம்தான். அவர் இல்லாத கடையை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"மின்னல் மாதிரி வெளிச்சம் தெரிஞ்சுதா?"

"செவ்வாய்க்கிழமை தெரிஞ்சது. ட்யூப்லைட்டுல கோளாறுன்னு மாத்திட்டேன்."

"பூச்சி பறக்குற மாதிரி?"

"புதன்கிழமை. பக்கத்து ஜூஸ் கடைக்காரர் பழத்தோலை அள்ளாம வச்சிருக்கார்னு சண்டை போட்டேன்."

"கறை?"

"இன்னைக்குக் காலையில. பன்னிரண்டு கால்குலேட்டர், ஒரு புது டிஸ்ப்ளே." அவர் குரல் இறங்கிவிட்டது.

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "விழித்திரை ஓரத்துல விலக ஆரம்பிச்சிருக்கு. நடுப்பகுதி நல்லா இருக்கு. நாளைக்குக் காலையில ஆபரேஷன் பண்ணிடலாம், பார்வையைக் காப்பாத்திடலாம். ரெண்டு நாள் தள்ளி வந்திருந்தா இவ்வளவு தைரியமா சொல்லியிருக்க மாட்டேன்."

ரெஜினா வெளியே போய்ப் பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணினாள். பன்னிரண்டும் நன்றாக இருக்கின்றன, நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னாள். ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு டீ வாங்கி வந்தாள்.

தனுஷ்கோடி சொட்டு மருந்து போட்டுக்கொண்டு, கண்ணை மூடி பெஞ்சில் சாய்ந்திருந்தார். டம்ளரை அவர் கையில் பிடிக்கவைத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க, சார்."

"திரையைப் பாத்ததுமே கோளாறு என் கண்ணுலதான்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல? எதுக்கு மெனக்கெட்டு அதைத் தலைகீழாத் திருப்பினீங்க?"

ரெஜினா தன் டீயை ஊதிக் குடித்தாள்.

"சொல்லியிருந்தா, என் கண்ணுலதான் ஏதோ கோளாறுன்னு பயந்து, என்னை இங்க கூட்டிட்டு வந்திருப்பீங்க, சார்."