ஐந்தாவது ரக்அத்

இந்தக் கதை மீரா லெப்பைத் தண்டல் சொல்லக் கேட்டது. தொண்டிக் கடற்கரையில், 1978ஆம் ஆண்டு, ரஜப் மாதத்தின் கடைசி வாரத்தில். அவர் நாற்பது ஆண்டு தோணி ஓட்டியவர். சரக்கு இறக்கப் போன தீவொன்றில், பள்ளிவாசல் முற்றத்தில் தாம் இதைக் கேட்டதாகச் சொன்னார். தீவின் பெயரைக் கேட்டபோது, "பேரச் சொன்னா அந்த ஊர்க் கதையாப் போயிடும்" என்று மறுத்துவிட்டார். பிற்காலத்தில் வேறு மூவர் சொல்லவும் கேட்க நேர்ந்தது. இங்கே வருவது தண்டலின் வடிவம்.

தென்கடலில் ஒரு தீவு நாடு இருந்தது. அந்நியர் கப்பலேறிப் போனபின், நாட்டுக்கென ஒரு சாசனம் எழுத வேண்டியதாயிற்று. எழுதும் பொறுப்பு மொகுதூம் காஜியாரிடம் வந்து சேர்ந்தது. முப்பது ஆண்டாக நீதி சொல்பவர், வயது அறுபத்துநான்கு. அவருடைய தீர்ப்பில் ஒரு சொல்லை நகர்த்த வேண்டுமானாலும் அவரையேதான் கேட்க வேண்டும் என்பார்கள்.

சாசனத்தின் முதற்பிரிவு மூன்று வாக்கியங்களால் ஆனது.

ஆட்சி இறைவனுக்கே உரியது. அவன் பெயரால் சுல்தான் அதை நடத்துவார். சுல்தானின் செயல் எந்த மன்றத்திலும் கேள்விக்கு உள்ளாகாது.

இந்த மூன்றையும் தாண்ட முடியாமல் சபை பதினோரு நாள் நின்றது. மூன்றும் ஒரே சங்கிலி, ஒரு கண்ணியைக் கழற்றினால் மற்றவையும் விழும் என்றார்கள் அரண்மனை ஆட்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய வக்கீல்களும் சங்கிலி என்பதை ஒப்புக்கொண்டார்கள். ஆகவே முதற் கண்ணியையே கழற்றிவிடுங்கள் என்றார்கள். முதல் வாக்கியத்தில் கை வைத்தால் பள்ளிவாசலின் பிரசங்க மேடையான மிம்பரில் ஏறமாட்டோம் என்று மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் சொல்லிவிட்டார்கள். சபை நின்றாலும் சபைக்குப் போகும் நெய்ச்சோறு நிற்கவில்லை என்று கடைத்தெருவில் சிரித்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன் வாசகம் கைக்கு வந்தாக வேண்டும் என்பது சுல்தானின் கட்டளை. அன்று புதன்கிழமை.

காஜியார் தாளை மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டு, கடலோரப் பள்ளிக்குத் தம் குருவைத் தேடிப் போனார்.

குருவின் பெயர் உவைஸ் ஹஜ்ரத். சீடரைவிடப் பத்தொன்பது வயது இளையவர். நீதிபீடத்தில் இருந்தபடியே காஜியார் அவர் கையைப் பிடித்துச் சீடரானவர். ஊருக்கு அது வியப்பு. காஜியாருக்கோ, அந்த மனிதர் முன்னே நின்று தொழவைக்கும் ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்த்தது. பழகிப் போகவே இல்லை.

தொழுகைக்குமுன் கைகால் கழுவி ஒளு செய்யும் தொட்டியின் நிழலில் ஜெய்த்தூன் உட்கார்ந்து தேங்காய்நார்க் கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். அவள் மகன் சம்சு, மீன் பிடிக்கும் பவளத்திட்டு ஊருக்கெல்லாம் பொது என்று துறைமுக அதிகாரியிடம் சொன்னவன். அதிகாரி திட்டை அடைத்ததும் அவனைப் பிடித்ததும் சுல்தானின் பெயரால். ஆகவே சம்சு பதினான்கு மாதமாகச் சிறையில் இருந்தான், விசாரணை இல்லாமல். அவள் மூன்று முறை காஜியாரின் மன்றப் படியேறினாள். மூன்று முறையும், இம்மன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று அவர் தம் அழகான கையெழுத்தில் எழுதித் தந்தார்.

"காஜியாரே, சாசனம்னு என்னமோ எழுதுறீங்களாமே. எம் மவன் சங்கதி அதுல வருதா?"

"தனியாள் சங்கதி சாசனத்தில் வராது, உம்மா."

"அப்ப யாரு சங்கதி வரும்?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

ஹஜ்ரத் பாயை உதறி விரித்துக்கொண்டிருந்தார். காஜியார் மறுமுனையைப் பிடித்தார். பிறகு தாளை விரித்து மூன்று வாக்கியங்களையும் வாசித்தார். பதினோரு நாள் நடந்ததையும் சொன்னார். முதலாவதை எடுத்தால் மக்கள் பொறுக்கமாட்டார்கள். மூன்றாவதை எடுத்தால் அரண்மனை பொறுக்காது. தமக்கோ முதலாவதை எடுக்க மனம் துணியவில்லை. அதை வைத்துக்கொண்டு மூன்றாவதை மறுக்க வழியும் தெரியவில்லை.

"இறைவன் பெயரால் ஒருவர் முன்னே நின்றுவிட்டால், பின்னால் நிற்பவன் அவரைக் கேட்பது எப்படி, ஹஜ்ரத்?"

ஹஜ்ரத் வாய் திறக்குமுன் பிற்பகல் தொழுகையான அஸருக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது.

"தொழுதுவிட்டுப் பேசுவோம்" என்றார் அவர்.

நாற்பது பேர் அணிவகுத்தார்கள். துறைமுகச் சுமையாள்கள், வலைக்காரர்கள், இரண்டு கடைக்காரர்கள். முன்வரிசையில், ஹஜ்ரத்துக்கு நேர் பின்னே, காஜியார். எல்லோருக்கும் பின்னால் ஒரு பச்சைத் திரை, அதற்கப்பால் பெண்கள். அஸர் நான்கு ரக்அத்; நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து முடியும் ஒரு சுற்று ஒரு ரக்அத். ஓசையின்றி ஓதும் தொழுகை ஆதலால், திறந்த வாசல் வழியே கடலின் மூச்சு மட்டும் கேட்டது. குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்தார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

நான்காவதன் ஸஜ்தா முடிந்தது. இனி அமர்ந்து தொழுகையை முடிக்க வேண்டும்.

ஹஜ்ரத் "அல்லாஹு அக்பர்" என்று சொல்லி எழுந்து நின்றார்.

வரிசைகள் தடுமாறின. பாதி எழுந்தவர்கள் பாதியிலேயே நின்றார்கள். எல்லாக் கண்களும் காஜியாரின் முதுகைப் பார்த்தன. முன்னின்று தொழவைக்கும் இமாம் தவறினால் பின்னால் நிற்பவர் 'ஸுப்ஹானல்லாஹ்' என்று உரக்கச் சொல்லி உணர்த்த வேண்டும். அது அவருக்குத் தெரியாததல்ல, பிறருக்குக் கற்பித்ததே. சொல் நாக்குவரை வந்தது. எதிரே அந்த முதுகு, அதற்கெதிரே தொழும் திசையான கிப்லா. அத்தனை பெரிய சந்நிதானத்தில் அத்தனை பெரிய மனிதரை நோக்கித் தம் குரல் எழுவதை அவரால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. அவர் எழுந்தார். அவரைப் பார்த்து நாற்பது பேரும் எழுந்தார்கள்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கைதட்டல் கேட்டது.

ஆண்கள் சொல்லால் உணர்த்த வேண்டும்; பெண்கள் கைதட்டி உணர்த்த வேண்டும். அதுதான் முறை. கயிறு திரித்துக் காய்த்துப்போன கைகள். மரத்தில் மரம் மோதியதுபோல் ஒலித்தது. ஒரே ஒரு தட்டல்.

ஹஜ்ரத் அக்கணமே அமர்ந்தார். பிடரியில் பட்ட கைக்குப் பணிந்தவர்போல் அமர்ந்தார். பின்னால் வரிசை வரிசையாக நாற்பது பேரும் அமர்ந்தார்கள். கூரையில் இருந்த புறாக்கள்கூட அசையவில்லை என்பார் தண்டல். மறதிக்கான இரண்டு ஸஜ்தாவையும் செய்து, ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த ஹஜ்ரத், மக்கள் பக்கம் திரும்பினார். அவர் கண்கள் நனைந்திருந்தன.

"ஒரு மூன்றாம் வாக்கியம் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எண்ணிக்கை தவறிவிட்டேன்" என்றார். பிறகு காஜியாரிடம் கேட்டார்.

"நீங்கள் எத்தனை எண்ணினீர்கள்?"

"நான்கு."

"ஐயம் ஏதும்?"

"இல்லை."

"பிறகு ஏன் எழுந்தீர்கள்?"

"தாங்கள் எழுந்தீர்கள், ஹஜ்ரத்."

ஹஜ்ரத் மீண்டும் மக்கள் பக்கம் திரும்பினார். பின்பு, சட்டம் சொல்லும் குரலில், எல்லோரும் கேட்கச் சொன்னார். மறந்தவனுக்கு இரண்டு ஸஜ்தா போதும். தம் தொழுகை நிறைவேறிவிட்டது. சட்டம் தெரியாமல் எழுந்தவர்களுக்கும் மன்னிப்பு உண்டு. தட்டியவளின் தொழுகையில் குறையே இல்லை. தவறென்று தெரிந்தும், சட்டம் தெரிந்தும் எழுந்தவருடைய தொழுகை மட்டும் முறிந்தது.

"அவர் மீண்டும் தொழட்டும்."

நாற்பது பேர் நடுவில் ஒருவர் மட்டும் எழுந்தார். யாரும் வெளியே போகவில்லை, யாரும் இருமவில்லை. காஜியார் தனியாக நான்கு ரக்அத் தொழுதார். முப்பது ஆண்டு எழுந்து நின்று தம்மை வரவேற்ற ஊர், உட்கார்ந்தபடி தம் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவர் அறிந்தார். கடைசி ஸஜ்தாவில் நெற்றியை எடுக்க நெடுநேரம் ஆயிற்று.

கூட்டம் கலைந்தது. திரை விலகிக் கிடந்தது. ஜெய்த்தூன் வெளியே தொட்டி நிழலில் விட்ட இடத்திலிருந்து கயிற்றைத் தொடர்ந்துகொண்டிருந்தாள்.

காஜியார் தாளோடு ஹஜ்ரத்தின் முன் அமர்ந்தார். விரித்த தாள் காற்றில் துடித்தது.

"முதல் வாக்கியத்தை எடுத்துவிடவா, ஹஜ்ரத்?"

"அது இல்லாமல் நான் எங்கே நின்று தொழவைப்பேன்? இருக்கட்டும்."

"இரண்டாவது?"

"யாராவது ஒருவர் முன்னே நிற்கத்தானே வேண்டும்."

காஜியார் மூன்றாவதைக் கேட்கவில்லை. விரல் மட்டும் அதன்மேல் இருந்தது.

ஹஜ்ரத் அந்த விரலைப் பார்த்தார். பிறகு வாசல் வழியே தொட்டி நிழலைப் பார்த்தார்.

"ஜெய்த்தூன் கைதட்டும் இடம் இதில் எது, காஜியாரே?"

தண்டல் இந்த இடத்தில் நிறுத்திவிட்டார். நாகூரில் புத்தகம் கட்டும் ஒருவர் மேலும் சொன்னார்: மூன்றாம் வாக்கியம் நீங்கியது, மறு ஞாயிறன்று சம்சு வீடு திரும்பினான். இன்னொருவர் சொன்ன வடிவில் மூன்றும் அப்படியே நிறைவேறின. காஜியார் பதவியை விட்டு, சாகும்வரை அப்பள்ளியின் கடைசி வரிசையில் நின்று தொழுதார். கீழக்கரையில் ஓர் அம்மையார், ஜெய்த்தூன் வழியில் வந்தவர் என்று அறிமுகமானவர், சொன்ன வடிவில் முதல் தட்டலுக்கு ஹஜ்ரத் அமரவில்லை. எத்தனையாவது தட்டலுக்கு அமர்ந்தார் என்று அவரிடம் கேட்கப்பட்டது.

"எண்ணிக்கைய எங்க உம்மா சொல்லல" என்றார். "கை செவந்துபோச்சுன்னுதான் சொல்லுவாங்க."